கச்சேரிக்குப் போகும்போது கையில் ஒரு சிறு பரிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப் இசை நிகழ்ச்சிகளுக்குப் போய் வருவதும், அங்கே அறிமுகமாகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பரிசுகளைக் கையால் செய்வதும் எனக்கு மிகவும் பிடித்த காரியங்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளைச் சேர்ந்த பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாமாரும் இவற்றைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நம் ஊர்க் கானமேளாவுக்கும் டிக்கெட் வாங்கிப் போகும் பாப் இசை நிகழ்ச்சிக்கும் என்ன வேறுபாடு?

ஆலயத் திருவிழாவிலும் கோயில் கொடையிலும் நடக்கும் கானமேளாவில் பாடகர்கள் பெரும்பாலும் பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களையே பாடுவார்கள். அதற்கு ஊரே வரும். பாதியில் எழுந்து போய்க் கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பாப் இசை நிகழ்ச்சியில் கலைஞர் தம்முடைய சொந்தப் பாடல்களைப் பாடுகிறார், அவற்றை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பவர்களே பெரும்பாலும் அங்கே வருகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வரியை ஒரே மூச்சில் பாடுவதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்த்துவிடும். அதற்காகக் கானமேளாவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மக்கள் கூட்டத்தின் நடுவே நின்று பாட்டுக் கேட்கும் பழக்கத்தை எனக்கு முதலில் தந்தது திருவிழா மேடைதான்.

ரசிகர்கள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்ளும் வழக்கம் எப்படி வந்தது?

இதை உலகம் முழுவதும் பரப்பியது அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘எராஸ்’ இசைச் சுற்றுப்பயணம். அவர் 2022-இல் வெளியிட்ட ஆல்பத்தின் ஒரு பாடலில் நட்பு வளையல்களைப் பற்றி ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை நடந்த 149 நிகழ்ச்சிகளிலும் ரசிகர்கள் எழுத்து மணிகளைக் கோத்துச் செய்த வளையல்களைக் கை நிறைய அணிந்து வந்து, முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொண்டார்கள். கொரிய பாப் ரசிகர்களிடம் இதற்கு முன்பே வேறு வடிவத்தில் இந்த வழக்கம் இருந்தது. படஅட்டை, மிட்டாய், ஒட்டுப்படம் ஆகியவற்றைச் சிறு உறையில் போட்டு, அரங்கத்துக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு அவர்கள் இலவசமாகக் கொடுப்பார்கள்.

நான் முதன்முதலில் திருவனந்தபுரத்தில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மலையாளப் பெண் திரும்பிப் பார்த்து, தன் கையிலிருந்த நீல மணி வளையல் ஒன்றைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. பையைத் துழாவியபோது வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த முந்திரிக்கொத்துப் பலகாரம் அகப்பட்டது. அதில் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த வளையல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை.

குமரி மாவட்டத்திலிருந்து எந்த ஊர் நிகழ்ச்சிகளுக்குப் போய் வருவது எளிது?

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவனந்தபுரம்தான் நமக்கு மிக அருகில் இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் பக்கம். கொச்சிக்குப் போனால் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். சென்னை சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் முந்தைய நாள் இரவு ரயிலில் ஏற வேண்டும். எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், டிக்கெட் எடுக்கும் முன்பே திரும்பி வரும் வழியை முடிவு செய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி இரவு 10 மணிக்கு முடிந்தாலும் அரங்கத்தை விட்டு வெளியே வருவதற்கே சில நேரம் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் களியக்காவிளைக்குப் பேருந்து கிடைக்குமா என்று சாலையோரத்தில் நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், கேட்ட பாட்டெல்லாம் மறந்துபோகும்.

எங்கே நின்றால் பாட்டு நன்றாகக் கேட்கும்?

மேடையை ஒட்டி முன்வரிசையில் நிற்பதுதான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கலைஞரின் முகத்தைப் பார்ப்பதற்கு அது சிறந்த இடம்தான். ஆனால் பாட்டைக் கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் உண்டு. மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே, ஒலிப்பொறியாளர் தம் கருவிகளோடு நிற்கும் ஒரு சிறு தடுப்பைப் பார்த்திருப்பீர்கள். அவர் தம் காதில் விழுவதை வைத்தே ஒவ்வொரு குரலின், வாத்தியத்தின் அளவையும் சரிசெய்கிறார் என்பதால், அந்தத் தடுப்புக்கு அருகில் நிற்பவர்களுக்கு அவர் கேட்பதுபோலவே எல்லாம் தெளிவாகக் கேட்கும். முன்வரிசையின் ஓரத்தில், பெரிய ஒலிபெருக்கிக்கு நேராக நிற்பவர்களுக்கு அதிர்வு மார்பில் இடிக்கும், வார்த்தைகள் புரியாது.

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகவே மேடையிலிருந்து 170 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு, டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சி விழுந்து அரை வினாடி கழித்துத்தான் மேடையின் சத்தம் வந்து சேரும். பெரிய மைதானங்களில் இடையிடையே கோபுரம்போல் நிறுத்தியிருக்கும் ஒலிபெருக்கிகளை அதற்கேற்பத் தாமதப்படுத்தி ஒலிக்கச் செய்வதால்தான், பின்னால் நிற்பவர்களுக்குப் பாட்டு இரண்டிரண்டாகக் கேட்பதில்லை.

சத்தத்தால் காதுக்குக் கேடு வருமா?

கவனக்குறைவாக இருந்தால் வரும். நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. சராசரியை 15 நிமிட அளவில் கணக்கிட வேண்டும் என்பது அதன் விதி. இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்பதால் காதுக்கு ஏற்படும் சுமையும், 100 டெசிபல் ஒலியைக் கால் மணி நேரம் கேட்பதால் ஏற்படும் சுமையும் ஏறக்குறைய ஒன்றே. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் இந்த அளவு எப்போதோ கடந்துவிடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பானை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை விரல்களுக்கு இடையில் மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையால் காதுமடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாட்டு கேட்காமல் போகாது, இரைச்சல்தான் குறையும். சிறுபிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், காதை முழுவதும் மூடும் உறையை அவர்களுக்கு மாட்டிவிட வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ரீங்காரம் தொடர்ந்தால், நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதன்முதலாகச் செய்கிறவர் எந்தப் பரிசில் தொடங்கலாம்?

மணி வளையலில் தொடங்கலாம். ஃபேன்ஸி ஸ்டோரில் சிறு மணிகள், எழுத்து மணிகள், 0.8 மில்லிமீட்டர் எலாஸ்டிக் நூல் மூன்றும் கிடைக்கும். நூலை 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கோக்கும் முன்பே இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அணிந்த சில நாள்களில் வளையல் தொளதொளவென்று ஆகிவிடும். ஒரு முனையில் செல்லோ டேப்பை ஒட்டிக்கொண்டால் கோத்த மணிகள் உருண்டு ஓடாது. மணிக்கட்டின் சுற்றளவை விட ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாகக் கோத்து முடிச்சுப் போடலாம்.

அந்த முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முதலில் செய்த பன்னிரண்டு வளையல்களுக்குச் சாதாரண இரட்டை முடிச்சைப் போட்டு, அதன்மேல் உடனே ஒட்டும் பசையையும் விட்டேன். அந்தப் பசை காய்ந்ததும் எலாஸ்டிக் நூல் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் கையில் மாட்டிவிட்ட மறு நிமிடமே வளையல் அறுந்து, மணிகள் கூட்டத்தின் காலடியில் சிதறின. அவள் குனிந்து பொறுக்கப் போனாள். அந்த நெரிசலில் அது ஆபத்து என்பதால் தடுத்து, வேறொன்றைக் கொடுத்தேன். அன்றிலிருந்து, முதல் சுற்றில் நூலை ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை நுழைத்து இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சைப் போட்டு, முடிச்சைப் பெரிய துளையுள்ள ஒரு மணிக்குள் இழுத்து மறைத்துவிடுகிறேன். பசை எதுவும் தடவுவதில்லை.

எழுத்து மணிகள் ஆங்கிலத்தில்தானே கிடைக்கின்றன? தமிழில் எழுதிக் கொடுக்க முடியாதா?

முடியும், அதற்கு நம் ஊர்ப் பனை இருக்கிறது. பனங்குருத்தோலையை நிழலில் உலர்த்தி, கொதிக்கும் நீரில் சிறிது நேரம் வேகவைத்து, மீண்டும் நிழலிலேயே காயவைத்து, ஒரு தடித்த புத்தகத்துக்குள் ஓரிரு நாள் அழுத்தி வைத்தால் நேரான, வளையும் தன்மையுள்ள பட்டை கிடைக்கும். அதை இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தாணிக்குப் பதிலாகப் பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும் காம்பஸ் முள் போதும். ஓலையை இடது உள்ளங்கையில் வைத்து, முள்ளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஓலையை மெல்ல நகர்த்தி நகர்த்திக் கீற வேண்டும். கீறிய உடன் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, ஏதோ நகம் பட்ட தடம்போல் இருக்கும். விளக்குக் கரியில் இரண்டு சொட்டு நல்லெண்ணெயைக் குழைத்து, துணியால் ஓலை முழுவதும் தேய்த்து, பிறகு வேறொரு சுத்தமான துணியால் துடைத்தால், கீறலுக்குள் புகுந்த கரி மட்டும் தங்கி, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக எழுந்து நிற்கும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணத்தில் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

ஒரு குறிப்பு: மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது முள்ளை அழுத்தினால் ஓலையில் துளை விழும். பழைய ஏடுகளில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டே எழுதியிருப்பார்கள். நீங்கள் மெதுவாகத் தொட்டு வைத்தால் போதும். ஒரு மூலையில் சிறு துளையிட்டு நூல் கோத்தால் அது புத்தகக் குறியாகவும், பையில் தொங்கும் அட்டையாகவும் பயன்படும். கலைஞரின் பாடல் வரியை எழுதுவதை விட, பெறுகிறவரின் பெயரையோ, “சேர்ந்து பாடினோம்” என்பது போன்ற உங்கள் சொந்த வரியையோ எழுதுவதே எனக்கு அழகாகப் படுகிறது. தமிழ் தெரியாதவர்கள் கூட இந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். அங்கிருந்தே பேச்சு தொடங்கிவிடும்.

பனையேறும் அண்ணன்மாரிடம் சொல்லி வைத்தால் ஓலை கிடைக்கும். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துத் தந்த ஓலையை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். அது வீட்டில் வைத்துப் போற்றி, அடுத்த சாம்பல் புதனுக்கு எரிக்கப்பட வேண்டியது.

தென்னையோலை, வாழைநார், வலை நூல் ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?

மூன்றையும் முயன்று பார்த்திருக்கிறேன். தென்னையோலையில் நாம் சிறுவயதில் செய்த கைக்கடிகாரம், கிளி, காத்தாடி, பீப்பி எல்லாம் பார்க்க மிக அழகு, ஆனால் மறுநாளே வாடிவிடும். ஆகவே அவற்றைத் தூரத்து நிகழ்ச்சிகளுக்குக் கொண்டுபோகாமல், உடன் பயணம் செய்யும் பிள்ளைகளுக்குப் பேருந்திலேயே செய்து கொடுக்கலாம்.

வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து மூன்று புரியாகப் பின்னினால் நல்ல பின்னல் வரும். ஆனால் காய்ந்ததும் விறைத்து, கையில் கட்டினால் உரசும். எனவே வளையலுக்கு அது ஏற்றதன்று. சிறு பொட்டலத்தைக் கட்டுவதற்கு அதைவிட நல்ல கயிறு இல்லை. பிளாஸ்டிக் ரிப்பனை நான் விட்டு வெகுநாளாகிறது.

வலை நூல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குளச்சல், முட்டம், கடியபட்டணம் கடற்கரைகளில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர்களிடம் மரியாதையோடு கேட்டால், வலை முடிச்சைப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். எனக்குக் கற்றுத் தந்த பெரியவர், “இழுத்தா இறுகணும் மக்களே, இழுக்க இழுக்க இறுகணும்” என்று சொல்லிக்கொண்டே என் முடிச்சை மூன்று முறை அவிழ்த்துவிட்டார். மெல்லிய நைலான் நூலில் அந்த முடிச்சை வரிசையாகப் போட்டு வந்தால், கையில் கட்டிக்கொள்ளத்தக்க சிறு வலைப் பட்டை ஒன்று உருவாகும். நூலின் முனைகளைத் தீக்குச்சிச் சுடரில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. இதைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்குகளை வைத்துச் செய்யலாமா?

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாரணச் சிப்பி ஓடுகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, சில வகைச் சங்குகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எது என்ன வகை என்று உறுதியாகத் தெரியாத ஒன்றைக் கையால் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

தோவாளைப் பூவைக் கொண்டுபோகலாமா?

நெடுநேரம் தாங்காது என்பதால் நான் கொண்டுபோவதில்லை. ஆனால் தோவாளை மாணிக்க மாலையைக் கட்டும் விதத்தை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை ஆகியவற்றைப் பாய்போல மடித்துப் பின்னி, கல் பதித்த நகையைப் போலத் தோன்றச் செய்கிறார்கள். அந்த வெள்ளை, சிவப்பு, பச்சை வரிசையை மணிகளில் கோத்து நான் செய்த வளையலைத்தான் இதுவரை அதிகமானவர்கள் விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

எத்தனை பரிசுகள் செய்துகொண்டு போக வேண்டும்?

முதல் முறை பத்து போதும். நூறு செய்ய வேண்டும் என்று தொடங்கினால் கடைசி இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, அலுப்போடு நிகழ்ச்சிக்குப் போவீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கி, மாலையில் வீட்டார் டிவி பார்க்கும் நேரத்தில் ஒன்றிரண்டாகச் செய்துவிடலாம். விலை உயர்ந்த பொருள் எதையும் சேர்க்காதீர்கள். வாங்குகிறவர் திருப்பித் தர ஒன்றுமில்லையே என்று சங்கடப்படும் அளவுக்கு ஒரு பரிசு பெரிதாகிவிடக் கூடாது.

முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பது?

வரிசையில் காத்திருக்கும் நேரமே இதற்குச் சரியான நேரம்; பாட்டு தொடங்கிய பிறகு யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. வணக்கம் சொல்லி, நீங்களே செய்தது என்று சொல்லி, இரண்டு மூன்றைக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களாகவே கையைப் பிடித்து மாட்டிவிட வேண்டாம். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு விலகிவிடுங்கள். சிறுபிள்ளைக்குக் கொடுப்பதென்றால் முதலில் பெற்றோரிடம் கேட்க வேண்டும். வீட்டில் செய்த தின்பண்டத்தைத் தெரியாத பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அந்தப் பிள்ளைக்கு நிலக்கடலையோ முந்திரியோ ஒவ்வாததாக இருக்கலாம். அன்று நான் முந்திரிக்கொத்து கொடுத்தது பெரியவருக்கு என்றாலும், கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று பிறகு எண்ணினேன்.

காவலர்கள், குடிநீர் கொடுப்பவர்கள், குப்பை அள்ளும் அக்காமார் ஆகியோருக்கும் ஒன்றிரண்டை ஒதுக்கி வையுங்கள். நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, துடைப்பத்தோடு நின்ற ஓர் அக்காவிடம் ஓலை அட்டை ஒன்றைக் கொடுத்தேன். “இது எனக்கா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அதைத் தம் அடையாள அட்டையின் உறைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

மேடையில் இருக்கும் கலைஞரிடம் வீசலாமா?

ஒருபோதும் கூடாது. 2023 ஜூனில் நியூயார்க்கில் பாடகி பீபி ரெக்சாவின் முகத்தில், கூட்டத்திலிருந்து வீசப்பட்ட கைப்பேசி பட்டு அவர் காயமடைந்தார். மணி வளையல் சிறியதுதான், ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் பறந்து வரும் எதையும் மேடையில் நிற்பவரால் பார்க்க முடியாது. கலைஞருக்கு எதையாவது சொல்ல விரும்பினால் கடிதம் எழுதுங்கள்.

வாசலில் இவற்றைப் பிடுங்கிக்கொள்வார்களா?

கத்தரிக்கோல், ஊசி, கம்பி, கண்ணாடிப் புட்டி, குச்சியில் ஒட்டிய பதாகை ஆகியவற்றை உள்ளே விட மாட்டார்கள். ஒருமுறை நான் பரிசுகளைத் தகர டப்பாவில் அடுக்கி எடுத்துப் போய், டப்பாவை வாசலிலேயே விட்டுவிட்டு, வளையல்களை மட்டும் கை நிறைய அணிந்துகொண்டு உள்ளே போக வேண்டியதாயிற்று. இப்போது பழைய பருத்திச் சேலையில் தைத்த சுருக்குப்பையில்தான் கொண்டுபோகிறேன். நிகழ்ச்சியின் விதிமுறைகளை டிக்கெட்டோடு சேர்த்து வெளியிட்டிருப்பார்கள். அவற்றைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

முழு நிகழ்ச்சியையும் கைப்பேசியில் பதிவு செய்வது தவறா?

தவறில்லை, ஆனால் இழப்பு உங்களுக்கும் பின்னால் நிற்பவருக்கும்தான். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டின் ஒரு பகுதியை மட்டும் பதிவு செய்துவிட்டுக் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள்.

வெளியூர் போக வசதியோ அனுமதியோ இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

நம் ஊர்த் திருவிழா மேடையே போதும். கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழா ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கிறது. மண்டைக்காட்டில் மாசிக் கொடை நடக்கிறது. இவை தவிரச் சிற்றூர்களின் கொடைகளும் ஆண்டு விழாக்களும் உண்டு. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு மேல் வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். ஆகவே மாலையிலேயே போய்விட்டால் முழுக் கச்சேரியையும் கேட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

சென்ற கொடைக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து மணி வளையல்களைக் கோத்து, கானமேளாக் குழுவில் கீபோர்டு வாசித்தவர், ஒலிபெருக்கி கட்டிய அண்ணன்மார் உட்பட எல்லோருக்கும், நிகழ்ச்சி முடிந்து கருவிகளை வண்டியில் ஏற்றும் நேரத்தில் போய்க் கொடுத்தார்கள். பல ஊர்களில் பாடியும் மேடைக்குப் பின்னால் வந்து இப்படி யாரும் கொடுத்ததில்லை என்று அந்தக் குழுவின் பாடகி சொன்னார். பிறகு வண்டியில் ஏறும் முன், வாத்தியம் எதுவும் இல்லாமல், அந்த ஏழு பேருக்காக மட்டும் ஒரு பாட்டின் பல்லவியைப் பாடிவிட்டுப் போனார்.